கரை மாறியவர்கள் – 7: அமெரிக்காவிலிருந்து வந்த கடுதாசி

1837-38 பனிக்காலம். இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்குத் தெற்கே சுமார் 70 மைல் தள்ளி, பீவர் கிரீக் என்ற இடத்தில் நார்வேக்காரர்கள் சிலர் புதிதாகக் குடிசை போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றில் ஓலே ரின்னிங் படுத்த படுக்கையாகக் கிடந்தார். அக்கம்பக்கத்து நிலத்தைச் சுற்றிப் பார்க்கப் போன இடத்தில் உறைபனியில் அவருடைய பாதங்கள் வெடித்துப் புண்ணாகியிருந்தன. எழுந்து நடமாட வழியில்லை. கிடந்த கிடையிலேயே அவர் ஒரு புத்தகம் எழுதினார்.

ரின்னிங் ஒரு பாதிரியாரின் மகன். வயது 28. நன்றாகப் படித்தவர். ஆனால் அவர் எழுதியது படித்தவர்களுக்காக அல்ல. ஊரில் குடியானவர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்து, 13 தலைப்புகளாகக் கேள்விகளைப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் நேரடியாகப் பதில் எழுதினார். அமெரிக்கா எங்கே இருக்கிறது? நிலம் என்ன விலை? கூலி எவ்வளவு கிடைக்கும்? அங்கே அரசாங்கம், சட்டம் என்று ஏதாவது உண்டா, இல்லை அவரவர் இஷ்டம்தானா? புறப்படும்போது எதை எடுத்துப்போக வேண்டும்? கப்பலில் ஏற்றிப்போய் அடிமைகளாக விற்றுவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்களே, அது நிஜமா?

கடைசிக் கேள்வியை இன்று படித்தால் விசித்திரமாக இருக்கும். அன்றைக்கு நார்வே கிராமங்களில் அந்தப் பயம் உண்மையாகவே இருந்தது. அதனால்தான் ரின்னிங் அதையும் விடாமல் சேர்த்துக்கொண்டார். அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலர் என்று கணக்குச் சொன்னார். தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் விலைக்கு வாங்கி விற்கப்படுவதைக் கண்டித்தார். இந்த விவகாரத்தால் வடக்கும் தெற்கும் பிரிந்துபோகலாம், அல்லது உள்நாட்டிலேயே ரத்தம் சிந்தும் சண்டை மூளலாம் என்றும் எழுதினார். உள்நாட்டுப் போர் வெடித்தது 1861-இல். குடியேறி ஓராண்டுகூட ஆகாத ஒருவர், இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அதை எழுதிவைத்திருக்கிறார்!

அவர் சரியாகக் கணிக்காதது தான் படுத்திருந்த நிலத்தைத்தான். பீவர் கிரீக்கை அவர்கள் தேர்ந்தெடுத்தபோது தரை காய்ந்து கிடந்தது. வசந்தம் வந்ததும் சதுப்பு நிலம் முழுக்கத் தண்ணீர். பின்னாலேயே மலேரியா. குடியேறியவர்களில் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்கள் இடத்தைக் காலி செய்தார்கள். 1838 இலையுதிர் காலத்தில் ரின்னிங்கும் காய்ச்சலில் இறந்தார்.

ஆனால் கையெழுத்துப் பிரதி அதற்குள் ஊர் போய்விட்டது. அன்ஸ்டேன் நாட்டெஸ்டாட் என்பவர் 1838 வசந்தத்தில் நார்வேக்குத் திரும்பியபோது அதைக் கையோடு கொண்டுபோனார். உடன் வந்திருந்த தன் சகோதரர் ஓலே நாட்டெஸ்டாட்டின் நாட்குறிப்பும் அவர் மூட்டையில் இருந்தது. ரின்னிங்கின் புத்தகம் அதே ஆண்டு தலைநகர் கிறிஸ்டியானியாவில் அச்சாயிற்று. நாட்குறிப்பு 1839-இல் டிராமன் நகரில் வெளியானது. ரின்னிங்கின் புத்தகத்துக்கு அச்சுப் பிழை பார்த்த பாதிரியார், மதகுருமார்களைக் குறை சொன்ன ஓர் அத்தியாயத்தை எடுத்துவிட்டார் என்று அன்ஸ்டேன் பின்னாளில் சொன்னார். அன்ஸ்டேனைப் பார்க்கவும் அவரிடம் கேள்வி கேட்கவும் தொலைதூர ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்தார்கள். 1839-இல் அவர் மறுபடி கப்பல் ஏறியபோது கூடவே ஏறத்தாழ நூறு பேர் ஏறினார்கள்.

இந்தத் தொடரில் இதுவரை கப்பல்களையும் துறைமுகங்களையும் பார்த்தோம். 1825 ஜூலையில் 52 பேருடன் ஸ்டவாங்கர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய ரெஸ்டோரேஷன் என்ற சின்னஞ்சிறு பாய்மரக் கப்பலில் தொடங்கி, அடுத்த நூறாண்டில் ஏறத்தாழ 8 லட்சம் நார்வே மக்கள் அமெரிக்கா போனார்கள். அயர்லாந்தை விட்டால், மக்கள்தொகைக்கு ஈடாக இவ்வளவு பேரை அனுப்பிய ஐரோப்பிய நாடு வேறில்லை. இவர்களைக் கிளப்பியது எது? வறுமை ஒரு காரணம். சாகுபடி செய்ய ஏற்ற நிலம் அந்த நாட்டில் மிகக் குறைவு என்பது இன்னொன்று. ஆனால் வறுமையும் நிலப் பற்றாக்குறையும் அதற்கு முன்பும் இருந்தன. புதிதாக வந்து சேர்ந்தது காகிதம்.

ஹார்டாங்கர் பகுதியைச் சேர்ந்த யெர்ட் ஹோவ்லாண்ட் 1831-இல் அமெரிக்கா போன குடியானவர். 1835-இல் அவர் ஊருக்கு எழுதிய கடிதத்தில் அமெரிக்காவின் நிலத்தையும், அங்கே உழைப்பவனுக்குக் கிடைக்கும் மரியாதையையும் புகழ்ந்திருந்தார். அதைக் கையால் படியெடுத்தார்கள். படியிலிருந்து இன்னொரு படி. இப்படி நூற்றுக்கணக்கில் பெருகி, பெர்கன் வட்டாரம் முழுக்கச் சுற்றியது. ஒரு தனி மனிதன் தெரிந்தவர்களுக்கு எழுதிய கடிதம் ஊர்ச் சொத்தாயிற்று. வீட்டில் ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்டார்கள்.

இது நடக்கக் காரணம், நார்வே குடியானவர்களுக்கு வாசிக்கத் தெரிந்திருந்தது. லுத்தரன் திருச்சபையில் திடப்படுத்தல் பெறாமல் யாரும் பெரியவராகக் கருதப்பட மாட்டார்கள் என்று 1736-இல் சட்டம் வந்தது. திடப்படுத்தல் பெற வேண்டுமானால் ஞானோபதேசம் படிக்க வேண்டும். அதற்காக 1739-இல் கிராமப் பள்ளிகளுக்கு உத்தரவு போட்டார்கள். வாத்தியார் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு வீட்டிலும் சில நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். அதனால் படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம். எழுதத் தெரிந்தவர்கள் அந்த அளவுக்கு இல்லை. தேவாலயப் பிள்ளைகளை வாசிக்க வைத்த அந்த ஏற்பாடு, நூறு வருஷம் கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகளை நாட்டை விட்டே கிளப்பும் என்று அன்று யாரும் நினைத்திருக்க முடியாது.

மேல்தட்டு இதை ரசிக்கவில்லை. பெர்கன் மறைமாவட்டத்தின் பிஷப் நாய்மன் 1837-இல் குடியானவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை வெளியிட்டார்: பிறந்த மண்ணை விட்டுப் போகாதீர்கள். பத்திரிகைகளிலும் அமெரிக்காவைத் தூற்றிக் கட்டுரைகள் வந்தன. அவற்றுக்கு அமெரிக்காவிலிருந்தே பதில் போயிற்று. விஸ்கான்சின் பகுதியில் மஸ்கீகோ என்ற குடியிருப்பைச் சேர்ந்த 80 பேர் கையெழுத்திட்டு, 1845 ஜனவரியில் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். அது தலைநகரின் மோர்கன்பிளாட் நாளிதழில் வெளியாயிற்று. எங்களுக்குக் கஷ்டமே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை. நோய் வந்தது, பசி வந்தது, எல்லாம் உண்மைதான். ஆனாலும் இங்கே வந்ததற்காக வருத்தப்படவில்லை, பணக்காரர் ஆகலாம் என்று வரவில்லை, சுதந்திரமாக வாழ வந்தோம் என்றார்கள். குடியானவர்கள் கூட்டாகச் சேர்ந்து தங்கள் தரப்பைத் தாங்களே எழுதிப் பத்திரிகையில் வாதாடியது அந்தக் காலத்தில் பெரிய காரியம். அந்த 80 கையெழுத்துகளுக்காகவே அந்தக் கடிதத்தைக் கொண்டாட வேண்டும்.

அந்தக் கடிதங்கள் எப்படி இருக்கும்? பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. இறைவன் கிருபையால் நாங்கள் அனைவரும் நலம், உங்கள் நலமும் அறிய ஆவல் என்று தொடக்கம். பிறகு கோதுமை விலை, பன்றி விலை, வேலையாளின் தினக்கூலி. எத்தனை மாடு, எத்தனை ஏக்கர் உழுதாயிற்று. யார் கல்யாணம் செய்துகொண்டார்கள், யார் செத்துப்போனார்கள். கடைசியில் அரைப் பக்கத்துக்குப் பெயர் சொல்லிச் சொல்லி வணக்கம். ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அடுத்த தேவாலய ஞாயிற்றுக்கிழமையில் மனஸ்தாபம் வரும் அல்லவா! தாளில் இடம் மிச்சமில்லாவிட்டால் ஓரத்தில் நெருக்கி எழுதி முடிப்பார்கள். சில உறைகளுக்குள் கப்பல் டிக்கெட்டும் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புறப்பட்டவர்களில் பெரும் பங்கினர், முன்னே போன அண்ணனோ அக்காவோ பணம் கட்டி அனுப்பிய டிக்கெட்டில்தான் பயணப்பட்டார்கள்.

விலைப் பட்டியலைத் தாண்டி மனசைத் திறந்து எழுதியவர்கள் குறைவு. அவர்களில் பெண்களின் எழுத்து தனித்து நிற்கிறது. இந்த இதழில் நாம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவர்கள் அவர்கள்தான்.

எலிசே வேரன்ஷோல்ட் 1815-இல் பிறந்தவர். பாதிரியாரின் மகள், ஆசிரியை. குடிப்பழக்கத்துக்கு எதிராக 1843-இல் துண்டு நூல் வெளியிட்டவர். ஒரு பெண் அப்படிச் செய்வது அன்று வழக்கமில்லை. அவருடைய முதல் கணவர் ஸ்வென் ஃபோய்ன், பின்னாளில் திமிங்கலத்தைக் கொல்லும் வெடி ஈட்டியை உருவாக்கிப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1842-இல் சண்டை சச்சரவில்லாமல் பிரிந்தார்கள். அமெரிக்கக் குடியேற்றத்துக்காகவே நடந்த 'நார்வேயும் அமெரிக்காவும்' என்ற பத்திரிகைக்கு எலிசே சிலகாலம் ஆசிரியராக இருந்தார். 1847-இல் தானே டெக்சாஸுக்குக் கிளம்பிவிட்டார். கப்பலில் உடன் வந்தவர்களில் ஒருவரான வில்ஹெல்ம் வேரன்ஷோல்டை மறு ஆண்டு மணந்து, ஃபோர் மைல் பிரெய்ரி என்ற புல்வெளிக் குடியிருப்பில் வாழ்க்கை தொடங்கினார்.

டெக்சாஸ் மனிதர் வாழத் தகுந்த இடமே இல்லை என்ற பொருள்பட, டோல்மர் என்ற பிரெஞ்சுக் கேப்டன் எழுதிய கடிதங்கள் நார்வே பத்திரிகையில் வந்தன. எலிசே அதற்குப் பதில் எழுத உட்கார்ந்தார். 1852-இல் வெளியான அந்தப் பதிலில் கோபத்தைவிடத் தகவல்தான் அதிகம். இங்கே வெயில் இப்படி, விளைச்சல் இவ்வளவு, மாடு இன்ன விலை, காய்ச்சல் வருவது உண்மை, சாவு நேர்வதும் உண்மை. புல்வெளியில் குடிசைக்குள் உட்கார்ந்துகொண்டு, கடல் கடந்த பத்திரிகையோடு சரிசமமாக வாதாடினார் அவர்.

ஆனால் அவரை முழுதாகக் காட்டுவது லில்லேசாண்ட் ஊர்த் தோழி தொமீனே டானெவிக்குக்குப் பல ஆண்டுகள் எழுதிய கடிதங்கள். அவற்றில் குழந்தைகளின் சேட்டை வருகிறது. பூச்செடி விதை அனுப்பச் சொல்லும் ஆசை வருகிறது. புத்தகத்துக்கான ஏக்கம் ஓயாமல் வருகிறது. அடிமைகளை வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்த மாநிலத்தில் வாழ்ந்தபடி, அது கடவுளின் சட்டத்துக்கு விரோதம் என்று தயங்காமல் எழுதியவர் அவர். 1866 அந்தக் குடும்பத்தை நொறுக்கிய ஆண்டு. ஜனவரியில் கடைசி மகன் தோர்வால்ட் இறந்தான். நவம்பரில், பக்கத்து ஊரான பிரெய்ரிவில்லில் வில்ஹெல்மை ஒருவன் கத்தியால் குத்திக் கொன்றான். இரண்டு பிள்ளைகளோடும் கடனோடும் தனியே நின்றார் எலிசே. மாடு, பன்றி வளர்த்தார். தோட்ட விதையும் புத்தகமும் விற்றார். கடிதம் எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. 1895 ஜனவரியில் இறக்கும்வரை, கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, டெக்சாஸிலிருந்து நார்வேக்கு அவருடைய எழுத்து போய்க்கொண்டே இருந்தது. 1961-இல் அவருடைய கடிதங்கள் ஆங்கிலத்தில் நூலானபோது 'பேனா பிடித்த பெண்மணி' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். பொருத்தமான தலைப்பு.

வடக்கே, அயோவா மாநிலத்தில், வேறொரு பெண் நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எலிசபெத் கோரன். வயது 21. கணவர் வில்ஹெல்ம் கோரன், டெக்கோரா வட்டாரத்து நார்வே மக்கள் வரவழைத்த இளம் பாதிரியார். 1853 கிறிஸ்துமஸுக்கு முன்தினம் அவர்கள் வந்து சேர்ந்தபோது பாதிரியார் வீடு இன்னும் கட்டி முடியவில்லை. எக்கே என்ற குடியானவக் குடும்பம் தங்கள் மரவீட்டில் இடம் கொடுத்தது. வீடு என்றால் ஒரே அறை. 16 அடி நீளம், 14 அடி அகலம். அதற்குள் எக்கே தம்பதி, அவர்களுடைய இரண்டு குழந்தைகள், இந்தப் புதுமணத் தம்பதி. படுக்கைகளுக்கு நடுவே ஒரு திரைச்சீலை. சமையல், சாப்பாடு, குழந்தை அழுகை, பாதிரியார் பிரசங்கம் தயாரிப்பது, எல்லாம் அந்த அறையில்தான். பல வாரங்கள் அப்படி ஓடின.

எலிசபெத் அலுத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். சாப்பாட்டைப் பற்றி ஒரு பகுதி உண்டு. வேகவைத்த பன்றிக்கறி, வறுத்த பன்றிக்கறி. அரைவேக்காட்டில் ஒரு நாள், நன்றாக வெந்தது ஒரு நாள். கூடவே காபி, கிடைத்தால் பால், நல்ல ரொட்டியும் வெண்ணெயும். உருளைக்கிழங்கு தீர்ந்துபோயிற்று. எப்போதாவது வறுத்த வெங்காயம். எல்லாவற்றையும்விட, கண்ணாடி ஜாடியில் இருந்த ஊறுகாய். நகரத்தில் வசதியாக வளர்ந்த பெண்ணுக்கு அந்த ஊறுகாய் ஜாடி எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதை எந்தச் சரித்திரப் பாடநூலும் சொல்லாது. கணவர் சபைகளைப் பார்க்க நாட்கணக்கில் பயணம் போய்விடுவார். பனியில் அவர் திரும்பும் தடம் தெரிகிறதா என்று காத்திருந்த மாலைகளும் அந்த நாட்குறிப்பில் இருக்கின்றன. 1914-இல் அது நார்வேஜிய மொழியில் அச்சாயிற்று. எலிசபெத் அப்போது உயிரோடிருந்தார். அந்த மரவீடும் தப்பிப் பிழைத்தது. டெக்கோராவின் வெஸ்டர்ஹைம் அருங்காட்சியகத்தில் இன்றும் அதற்குள் போய் நிற்கலாம். அறுவர் எப்படிப் படுத்தார்கள் என்று வியந்துகொண்டே வெளியே வரலாம்.

பாதிரியார் மனைவிக்குக் குறிப்பெழுதக் கொஞ்சமாவது ஓய்வு கிடைத்தது. க்ரூ ஸ்வென்ட்சனுக்கு அதுவும் இல்லை. ஹாலிங்டால் பள்ளத்தாக்கில் 1841-இல் பிறந்து, திருமணமான புதிதில் 1862-இல் அமெரிக்கா வந்து, அயோவாவின் எஸ்தர்வில் பக்கம் குடியேறிய குடியானவப் பெண் அவர். கோடை வெக்கையில் வெண்ணெய் கெட்டுப்போகாமல் வைக்க உப்புநீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அம்மாவுக்கு எழுதினார். புல்வெளித் தீ எப்படி அடிவானம் முழுக்க எரிந்துகொண்டு வருகிறது என்று எழுதினார். கணவர் ஓலேவை உள்நாட்டுப் போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பில் கொண்டுபோனபோது கைக்குழந்தைகளோடு தனியாக இருந்து எழுதினார். 1870-களில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கிப் பயிரைத் தின்று தீர்த்ததையும் எழுதினார். பத்தாவது பிரசவத்தில், 1878-இல் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு ஹாலிங்டாலுக்கு ஓலேதான் எழுதினார். அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவர் பிள்ளைகளோடு டகோட்டா பக்கம் போய்விட்டார்.

க்ரூவின் கடிதங்களைப் படிக்கும் யாருக்கும் அவர்மேல் பிரியம் வந்துவிடும். அதனாலேயே ஒரு கடிதம் நெஞ்சில் தைக்கிறது. அவர் வந்திறங்கிய அதே 1862-இல், பக்கத்து மாநிலமான மின்னசோட்டாவில் டகோட்டா பூர்வகுடிகள் கிளர்ந்தெழுந்தார்கள். கலகத்தில் சேர்ந்த ஒருவரையும் உயிரோடு விடக்கூடாது, ரொம்ப லேசாகத் தண்டித்து விட்டுவிடுவார்களோ என்று பயமாயிருக்கிறது என்ற கருத்தில் அந்தப் பாசக்காரத் தாய் வீட்டுக்கு எழுதினார். தங்கள் நிலத்தை ஒப்பந்தங்களில் பறிகொடுத்த டகோட்டா மக்களுக்கு, அதற்கு ஈடாக வரவேண்டிய பணம் வந்து சேரவில்லை. கடையில் தானியம் இருந்தும் கடன் மறுக்கப்பட்டது. பசி. அந்த ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி மன்காட்டோ நகரில் 38 டகோட்டா ஆண்களை ஒரே மேடையில் தூக்கிலிட்டது அரசு. மிஞ்சியவர்களை மாநிலத்தை விட்டே துரத்தினார்கள். குடியேறியவர்களின் கடிதங்களில் ஏக்கர் கணக்கு இருக்கிறது, அந்த ஏக்கர் அதற்கு முன் யாருடையது என்ற பேச்சு அபூர்வம். இந்தக் காகிதங்களை மதிக்கிறவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தச் சண்டையின் நடுவில் சிக்கிய ஒருவரின் கடிதமும் கிடைத்திருக்கிறது. எழுதியவர் கூரி எண்ட்ரசன். மின்னசோட்டாவின் கண்டியோஹாய் பகுதியில் அவர்கள் குடிசை. 1862 ஆகஸ்டில் தாக்குதல் நடந்தபோது கூரி தன் கடைசி மகளோடு நிலவறையில் ஒளிந்துகொண்டார். கணவர் லார்ஸையும் மூத்த மகன் எண்ட்ரேயையும் சுட்டுக் கொன்றார்கள். இன்னொரு மகன் ஓலேவுக்குத் தோளில் குண்டு. இரண்டு மகள்களைப் பிடித்துப் போனார்கள். அவர்கள் பிறகு தப்பி வந்தார்கள். வெளியே வந்த கூரி, பக்கத்து வீட்டில் குண்டடி பட்டுக் கிடந்த இரண்டு ஆண்களைக் கண்டார். காயத்துக்குக் கட்டுப்போட்டு, வண்டியில் ஏற்றி, பாதுகாப்பான ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த வட்டாரம் அவரை வீராங்கனையாகப் போற்றியது. 1907-இல் நினைவுச் சின்னம் எழுந்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1866 டிசம்பரில்தான் கூரி நார்வேயில் இருந்த தாய்க்கும் உறவினர்க்கும் நடந்ததை விவரித்து எழுதினார். கண்ணெதிரே கணவர் விழுந்ததைச் சொல்கிறார். சிறுமியை இழுத்துக்கொண்டு பயத்திலும் பைத்தியம் பிடிக்காத குறையாகவும் இரண்டு நாள் அலைந்ததைச் சொல்கிறார். காயம் ஆறிய ஓலேவும் ஓராண்டுக்குப் பின் நோயில் இறந்ததைச் சொல்கிறார். பிறகு மாடு கன்று, பண்ணை, வெண்ணெய் விற்பனை என்று கடிதம் அன்றாடத்துக்குத் திரும்பிவிடுகிறது. தான் இரண்டு உயிரைக் காப்பாற்றியதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஊரார் சாட்சியும் அவர் கடிதமும் இரண்டுமே கிடைத்ததால்தான் நமக்கு முழுக்கதை தெரிகிறது. ஒன்று மட்டும் கிடைத்திருந்தால் கூரியின் பாதிதான் கிடைத்திருக்கும்.

இதெல்லாம் எப்படித் தப்பிப் பிழைத்தது?

முதலில் அக்கறைப்பட்டவர்களில் ஒருவர் ஸ்வேன் நில்சன். மேடிசன் நகரிலிருந்து 1868 முதல் 1870 வரை வந்த 'பில்லெட் மகசீன்' இதழுக்காக, உயிரோடிருந்த முதல் தலைமுறைக் குடியேறிகளைத் தேடிப்போய்ப் பேட்டி எடுத்தார். ரின்னிங்கின் கையெழுத்துப் பிரதி ஊர் போன கதையை நாட்டெஸ்டாட் சொன்னது அவரிடம்தான். அதன்பின் நீண்ட இடைவெளி. முதல் உலகப் போரின்போது நிலைமை மோசமாயிற்று. பொது இடத்தில், தேவாலயத்தில், தொலைபேசியில்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக்கூடாது என்று 1918 மே மாதம் அயோவா ஆளுநர் ஹார்டிங் ஆணை போட்டார். ஜெர்மானியரைக் குறிவைத்து வந்த அந்த ஆணை நார்வேக்காரரையும் சேர்த்து அடித்தது. பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். அதைவிட மோசமாக, தாத்தா பாட்டியின் கையெழுத்தே பேரப்பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பழைய கடிதங்கள் பெரும்பாலும் கோதிக் எழுத்துமுறையில் எழுதப்பட்டவை. மொழி தெரிந்தாலும் எழுத்து தெரியாது. வீடு மாறும்போது, பெரியவர் இறக்கும்போது, அடுப்புக்குப் போன கட்டுகள் எத்தனையோ!

1925 நூற்றாண்டு விழா ஒரு திருப்பம். ஜூன் மாதம் மின்னசோட்டாவில் நடந்த பெருவிழாவுக்கு அமெரிக்க அதிபர் கூலிட்ஜ் வந்தார். அஞ்சல் துறை இரண்டு தபால்தலைகள் வெளியிட்டது. ரெஸ்டோரேஷன் கப்பல் இரண்டு சென்ட் தலையில், வைக்கிங் மரக்கலம் ஐந்து சென்ட் தலையில். விழா முடிந்த கையோடு, அக்டோபர் 6-ஆம் தேதி, நார்த்ஃபீல்ட் நகரின் செயின்ட் ஓலாஃப் கல்லூரியில் நார்வேஜிய-அமெரிக்க வரலாற்றுச் சங்கம் தொடங்கப்பட்டது. பதிப்பாசிரியர் பொறுப்பு தியடோர் பிளேகனுக்கு. தளபதிகளையும் ஆளுநர்களையும் பற்றியே சரித்திரம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், சமையலறையையும் வயலையும் எழுத வேண்டும் என்று விடாப்பிடியாக வாதிட்டவர் அவர். 1928-29-இல் உதவித்தொகை பெற்று நார்வே போய், அமெரிக்கக் கடிதங்களைத் தேடினார். கூரியின் கடிதத்தை 1929-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டவர் பிளேகன். க்ரூவின் கடிதங்கள் 1950-இல் வந்ததும், எலிசபெத்தின் நாட்குறிப்பு 1955-இல் ஆங்கிலத்தில் வந்ததும் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான்.

தேடியவர்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. அமெரிக்காவிலிருந்து போன கடிதங்கள் நார்வே பண்ணை வீடுகளில் பத்திரமாக இருந்தன. அங்கே வீடும் மாறவில்லை, பெட்டியும் மாறவில்லை. நார்வேயிலிருந்து வந்த பதில் கடிதங்களோ அமெரிக்காவில் அரிதாகவே கிடைத்தன. இல்லினாயிலிருந்து விஸ்கான்சின், அங்கிருந்து அயோவா, பிறகு டகோட்டா என்று பத்து வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டியவர்கள் எதைத்தான் சுமப்பார்கள்? அதனால் உரையாடலின் ஒரு பக்கம்தான் நம் கையில் இருக்கிறது. க்ரூவின் அம்மா என்ன கேட்டார், எதற்கு அழுதார் என்பதை மகளின் பதிலை வைத்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சேகரிப்பு இன்றும் நடக்கிறது. செயின்ட் ஓலாஃப் கல்லூரி நூலகத்தில் அந்தச் சங்கத்தின் ஆவணக் காப்பகம் இருக்கிறது. கடிதம், நாட்குறிப்பு, கணக்குப் புத்தகம், அச்சேறாத சுயசரிதை என்று குடும்பங்கள் கொடுத்த கட்டுகள் அங்கே இருக்கின்றன. நார்வே பக்கம், பேராசிரியர் ஓர்ம் ஓவர்லாண்டும் ஸ்டைனார் கியேர்ஹைமும் தேசிய ஆவணக் காப்பகத்துக்காகக் கடிதங்களைத் தொகுத்து, 1992 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்கள். எழுதியவர் போட்ட பிழைகளைத் திருத்தாமல், எழுதியபடியே அச்சிட்டார்கள். அது சரியான முடிவு. பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காத கை எப்படித் தடுமாறி எழுதியதோ, அப்படியே அதைப் பார்க்கும் உரிமை வாசகருக்கு உண்டு.

அந்தச் சங்கம் பிறந்த கல்லூரியில் அப்போது நார்வேஜிய மொழிப் பேராசிரியராக இருந்தவரே அதன் முதல் செயலாளர். வடநார்வேயில் மீனவராக இருந்து, அமெரிக்க உறவினர் அனுப்பிய டிக்கெட்டில் 1896-இல் வந்து, தெற்கு டகோட்டாவில் பண்ணைக் கூலியாகத் தொடங்கியவர் ஓ. இ. ரோல்வாக். 1912-இல் அவர் 'அமெரிக்கக் கடிதங்கள்' என்றொரு நூலைப் புனைபெயரில் வெளியிட்டார். ஒரு இளைஞன் ஊரிலிருக்கும் அப்பாவுக்கும் தம்பிக்கும் எழுதுவதாகப் புனைந்த கதை அது. ஆனால் கதையில் இருப்பது பெரும்பாலும் அவர் பட்ட பாடு. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் எழுதத் தொடங்கிய பெருநாவல், புல்வெளிக் குடியேற்றத்தின் விலையை யாரும் சொல்லாத விதத்தில் சொன்னது. மனைவி ஜென்னியின் குடும்பத்தார் சொன்ன பழைய கதைகள் அதற்குள் எப்படிப் புகுந்தன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)